வாசல் திறந்த நாளில் வாக்கிழந்தவர்கள்: டேனியல் ஓ'கானலின் அரசியல் வாழ்வு

1949 நவம்பர் 25ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் ஆற்றிய உரையை நம்மில் பலர் ஒருமுறையேனும் படித்திருப்போம். அரசியலில் தனிமனித வழிபாடு சர்வாதிகாரத்திற்கே இட்டுச் செல்லும் என்று எச்சரிக்கும் இடத்தில், நன்றி பாராட்டுவதற்கும் ஓர் எல்லை உண்டு என்னும் கருத்தை அவர் அயர்லாந்துத் தலைவர் ஒருவரிடமிருந்து எடுத்துக் கையாள்கிறார். நன்மை செய்தவருக்காகக்கூட ஒரு மனிதர் தம் மானத்தையோ, ஒரு நாடு தன் சுதந்திரத்தையோ ஈடு வைத்துவிடலாகாது என்பதே அதன் சாரம். அந்தத் தலைவரின் பெயர் டேனியல் ஓ'கானல். அம்பேத்கரின் உரையைப் படிக்கும் நாம் அந்தப் பெயரைப் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகிறோம். அவர் யார், எந்த மக்களுக்காக எதைப் பெற்றுத் தந்தார், அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்னும் கேள்விகளை எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தடைகளின் நாட்டில் ஒரு பிறப்பு

ஓ'கானல் 1775 ஆகஸ்ட் 6 அன்று அயர்லாந்தின் தென்மேற்குக் கடலோரத்தில் உள்ள கெர்ரி மாவட்டத்தில் பிறந்தார். அயர்லாந்து மக்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் கத்தோலிக்கர். ஆனால் நிலமும் நீதிமன்றமும் நிர்வாகமும் ஆங்கிலிகன் திருச்சபையைச் சார்ந்த சிறுபான்மையினரின் கையில் இருந்தன. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இயற்றப்பட்ட தண்டனைச் சட்டங்கள் பெரும்பான்மை மக்களைத் தம் சொந்த மண்ணிலேயே உரிமையற்றவர்களாக்கின. கத்தோலிக்கர் நிலம் வாங்கத் தடை, பள்ளி நடத்தத் தடை, ஆயுதம் வைத்திருக்கத் தடை, வழக்கறிஞராகத் தடை. 1728ஆம் ஆண்டிலிருந்து வாக்களிக்கவும் தடை. மூத்த மகன் மதம் மாறினால் குடும்பச் சொத்து அவனுக்கே போகும் என்பது வரை அச்சட்டங்கள் வீட்டிற்குள்ளும் நுழைந்திருந்தன.

எனினும் ஒடுக்கப்பட்ட சமூகத்திற்குள்ளும் மேல், கீழ் உண்டு என்பதை நாம் அறிவோம். ஓ'கானலின் குடும்பம் சட்டத்தின் கண்களுக்குத் தப்பி நிலத்தைக் காப்பாற்றிக்கொண்ட பழைய நிலவுடைமைக் குடும்பம். அவரைத் தத்தெடுத்து வளர்த்த பெரியப்பா மாரிஸ், டெரினேன் என்னும் ஊரிலிருந்து கடல்வழியே கள்ளக் கடத்தல் வணிகம் செய்து செல்வம் சேர்த்தவர். அதே வேளையில் அக்கால வழக்கப்படி ஓ'கானல் தம் குழந்தைப் பருவத்தின் தொடக்க ஆண்டுகளை ஓர் எளிய உழவர் குடிசையில் கழித்தார். ஐரிஷ் மொழியே அவர் முதலில் பேசிய மொழி. பண்ணையின் மாடியையும் குடிசையின் தரையையும் ஒருசேர அறிந்தவராக அவர் வளர்ந்தார். அவருடைய பலமும் பலவீனமும் இந்த இரட்டை வேரிலிருந்தே முளைத்தன எனலாம்.

உள்நாட்டில் கத்தோலிக்கருக்கு உயர்கல்வி இல்லாததால் 1791இல் அவர் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். புரட்சி உச்சத்தில் இருந்த காலம் அது. பதினாறாம் லூயி தூக்கு மேடைக்கு மாற்றாகக் கில்லட்டின் மேடையில் தலை துண்டிக்கப்பட்ட 1793 ஜனவரியில் அவர் அங்கிருந்து வெளியேறினார். அந்த அனுபவம் அவரிடம் வாழ்நாள் முழுதும் நீடித்த ஒரு முடிவை விதைத்தது: எந்த உரிமையும் இரத்தம் சிந்திப் பெறத்தக்கதன்று, மக்கள் திரளின் அழுத்தத்தையே ஆயுதமாக்க வேண்டும்.

1792இல் வழக்கறிஞர் தொழிலில் இருந்த தடை நீங்கியது. 1798 மே மாதத்தில் ஓ'கானல் டப்ளினில் வழக்கறிஞரானார். அதே மாதத்தில் அயர்லாந்தில் வெடித்த ஆயுதக் கிளர்ச்சி கொடூரமாக ஒடுக்கப்பட்டது. 1801 ஜனவரி முதல் நாளில் அயர்லாந்தின் தனி நாடாளுமன்றம் கலைக்கப்பட்டு, நாடு பிரிட்டனுடன் இணைக்கப்பட்டது. இணைப்புடன் கத்தோலிக்கருக்கு முழு உரிமையும் வரும் என்ற நம்பிக்கை ஊட்டப்பட்டிருந்தது. மன்னர் மூன்றாம் ஜார்ஜ் அதனை ஏற்க மறுத்தார். இணைப்பை எதிர்த்து 1800ஆம் ஆண்டிலேயே டப்ளினில் பேசிய அந்த இளம் வழக்கறிஞரின் அரசியல் வாழ்வு அங்குத் தொடங்கியது.

மாதம் ஒரு பென்னி

அடுத்த இருபது ஆண்டுகள் அவர் நீதிமன்றங்களில் புகழ் பெற்றார். ஆயினும் திறமையில் தமக்குக் கீழே இருந்தவர்கள் அரசு வழக்கறிஞர்களாகவும் நீதிபதிகளாகவும் உயர்வதை அவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. மதத்தின் காரணமாக அப்பதவிகள் அவருக்கு மூடப்பட்டிருந்தன. 1815இல் டப்ளின் மாநகராட்சி உறுப்பினரான டெஸ்டெர் என்பவர் விடுத்த அறைகூவலை ஏற்று ஒற்றைச் சண்டையில் இறங்கி, அவரைச் சுட்டுக் கொன்றார். அந்தக் குற்ற உணர்வு அவரை விடவில்லை. கொல்லப்பட்டவரின் மகளுக்குப் பல ஆண்டுகள் உதவித்தொகை அளித்து வந்தார். பின்னாளில் வந்த அறைகூவல்களை அவர் ஏற்கவில்லை.

அக்காலக் கத்தோலிக்கர் அரசியல் என்பது சில பிரபுக்களும் வணிகர்களும் கூடி லண்டனுக்கு மனு எழுதும் வேலையாகவே இருந்தது. 1823இல் ஓ'கானல் தொடங்கிய கத்தோலிக்கச் சங்கமும் முதலில் அப்படித்தான் இருந்தது. முழு உறுப்பினராக ஆண்டுக்கு ஒரு கினி, அதாவது இருபத்தொரு ஷில்லிங், கட்ட வேண்டும். 1824இல் ஒரு சிறிய மாற்றம் வந்தது. மாதம் ஒரு பென்னி கொடுப்பவர் எவரும் சங்கத்தின் துணை உறுப்பினர் ஆகலாம் என்று அறிவிக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் வாசலில் அந்தப் பென்னி வசூலிக்கப்பட்டது. அதற்குக் கத்தோலிக்க வாடகை என்றே பெயர் வைத்தனர். பண்ணையாருக்கு வாடகை கட்டி ஓய்ந்துபோன உழவர், முதன்முறையாகத் தம் விடுதலைக்கென ஒரு வாடகை கட்டினார்.

இந்தப் பென்னியின் மதிப்பு அதன் தொகையில் இல்லை. கொடுத்தவருக்கு அது உரிமைச் சீட்டாயிற்று. வசூல் கணக்கு ஊர்தோறும் எழுதப்பட்டது, கூட்டங்கள் நடந்தன, செய்தித்தாள்கள் உரக்கப் படிக்கப்பட்டன. சேர்ந்த பணம் பண்ணையாரால் வழக்கில் இழுக்கப்பட்ட ஏழைகளுக்கு வழக்கறிஞர் வைக்கவும், நாடாளுமன்ற மனுக்களுக்கும் செலவிடப்பட்டது. எழுத்தறிவற்ற உழவர்களைக் கொண்டு, நாடு தழுவிய, சந்தா கட்டும் வெகுமக்கள் அமைப்பு ஒன்றைக் கட்ட முடியும் என்பதை ஐரோப்பாவில் முதலில் செய்து காட்டியவர்களுள் ஓ'கானல் தலையாயவர். அரசு 1825இல் சங்கத்தைத் தடை செய்தது. சட்டத்தின் ஓட்டைகள் வழியே அது புதிய பெயரில் மீண்டும் எழுந்தது.

மற்றொரு போராட்டத்தையும் இங்குக் குறிப்பிட வேண்டும். கத்தோலிக்கருக்கெனத் தனி இடுகாடு டப்ளினில் இல்லை. ஆங்கிலிகன் கோயில் வளாகத்திலேயே அவர்கள் தம் இறந்தோரைப் புதைக்க வேண்டியிருந்தது. 1823இல் அத்தகைய ஓர் அடக்கத்தின்போது, பாதிரியார் கல்லறையருகே மன்றாட்டுச் சொல்வது தடுக்கப்பட்டது. இறந்த பிறகும் தொடரும் இழிவு எத்தகையது என்பதை நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஓ'கானல் இதனைச் சட்டப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார். 1832இல் டப்ளினின் கிளாஸ்னெவினில் ஓர் இடுகாடு திறக்கப்பட்டது. அதனைக் கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதாக அவர் ஆக்கவில்லை. எந்த மதத்தினரும், மதமற்றவரும் அங்கு அடக்கம் பெறலாம் என்பது விதியாயிற்று.

நாற்பது ஷில்லிங் வாக்காளர்

1793ஆம் ஆண்டுச் சட்டம் கத்தோலிக்கருக்கு வாக்குரிமையைத் திருப்பித் தந்திருந்தது. நாடாளுமன்றத்தில் அமரும் உரிமையை மட்டும் தரவில்லை. மாவட்டத் தொகுதிகளில், வாழ்நாள் குத்தகையில் நிலம் வைத்திருந்து, அதிலிருந்து ஆண்டுக்கு நாற்பது ஷில்லிங், அதாவது இரண்டு பவுண்டு, நிகர மதிப்புக் காட்டக்கூடிய எவரும் வாக்காளர். வாக்கைப் பெருக்கிக்கொள்ளும் ஆசையில் பண்ணையார்கள் தம் நிலத்தைத் துண்டு துண்டாக்கி இத்தகைய குத்தகைகளை ஏராளமாக வழங்கினர். வாக்களிப்பு இரகசியமானதன்று. மேடையேறி, அதிகாரிகள் முன்னிலையில், வேட்பாளர் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பண்ணையாரின் ஏஜெண்டு அருகிலேயே நிற்பார். ஆகவே அந்த வாக்கு உழவரின் பெயரில் இருந்த பண்ணையாரின் வாக்காகவே இருந்து வந்தது.

1826இல் அது மாறியது. வாட்டர்ஃபோர்டு மாவட்டத்தில் தலைமுறைகளாகக் கோலோச்சிய பெரஸ்ஃபோர்டு குடும்பத்தின் வேட்பாளரை அவருடைய குத்தகையாளர்களே தோற்கடித்தனர். வேறு சில மாவட்டங்களிலும் அவ்வாறே நடந்தது. வென்றவர்கள் கத்தோலிக்கர் கோரிக்கையை ஆதரித்த ஆங்கிலிகன்கள். வாக்களித்தவர்களுக்கோ தண்டனை காத்திருந்தது. நெடுநாள் நிலுவையை உடனே கட்டு, இல்லையேல் வெளியேறு என்று பண்ணைகள் நெருக்கின. வீடிழந்தவர்களுக்கு உதவ அந்தப் பென்னி நிதியே பயன்பட்டது.

1828இல் கிளேர் மாவட்டத்தில் இடைத்தேர்தல் வந்தது. தொகுதியின் உறுப்பினர் வீசி ஃபிட்ஸ்ஜெரால்டு அமைச்சராகி, அக்கால மரபுப்படி மீண்டும் மக்கள் முன் நின்றார். அவர் கத்தோலிக்கர் உரிமைக்கு எதிரானவர் அல்லர். ஆயினும் ஆதரவாளர்களின் நல்லெண்ணத்தை நம்பிக் காத்திருந்தது போதும் என்று முடிவு செய்து, ஓ'கானல் தாமே களமிறங்கினார். கத்தோலிக்கர் தேர்தலில் நிற்கச் சட்டம் தடுக்கவில்லை. வென்றபின், தம் மதத்தை மறுதலிக்கும் உறுதிமொழியை எடுக்காமல் அவையில் அமரத்தான் முடியாது. அந்த இடைவெளியைத்தான் அவர் பயன்படுத்தினார்.

ஜூலைத் தொடக்கத்தில் எனிஸ் நகரம் உழவர்களால் நிரம்பியது. அணியணியாக, பாதிரியார்கள் முன்செல்ல, மது அருந்துவதில்லை என்ற உறுதியோடு வந்தனர். கலவரத்தை எதிர்பார்த்து நிறுத்தப்பட்ட படையினருக்கு வேலையே இருக்கவில்லை. தங்கள் பண்ணையார்களின் கண்ணெதிரே ஒவ்வொருவராக மேடையேறி ஓ'கானலின் பெயரைச் சொன்னார்கள். ஒவ்வொரு சொல்லும் ஒரு குடிசையைப் பணயம் வைத்தது. ஓ'கானலுக்கு 2,057 வாக்குகள், அமைச்சருக்கு 982.

ஒரே நாளில் இரண்டு சட்டங்கள்

கிளேர் வெற்றி லண்டனை நடுங்க வைத்தது. அடுத்த பொதுத்தேர்தலில் அயர்லாந்து முழுதும் இதுவே நடந்தால், ஆள முடியாத நாடு ஒன்று மிஞ்சும். பிரதமர் வெலிங்டனும் உள்துறை அமைச்சர் பீலும் உள்நாட்டுப் போரைத் தவிர்க்கப் பணிந்தனர். 1829 ஏப்ரல் 13ஆம் நாள் கத்தோலிக்கர் விடுதலைச் சட்டம் நிறைவேறியது. நாடாளுமன்றமும், மிகச் சில பதவிகள் தவிர மற்றெல்லா உயர் பதவிகளும் திறந்தன. ஓ'கானலுக்கு விடுதலையாளர் என்னும் பட்டம் நிலைத்தது.

அதே நாளில் இன்னொரு சட்டமும் நிறைவேறியது. அயர்லாந்து மாவட்டங்களில் வாக்குரிமைக்கான சொத்துத் தகுதி நாற்பது ஷில்லிங்கிலிருந்து பத்துப் பவுண்டாக, அதாவது ஐந்து மடங்காக, உயர்த்தப்பட்டது. ஏறத்தாழ 2,16,000 ஆக இருந்த மாவட்ட வாக்காளர் எண்ணிக்கை 37,000 ஆகச் சுருங்கியது. ஆறில் ஐந்து பேர் வாக்கிழந்தனர். வாட்டர்ஃபோர்டிலும் கிளேரிலும் பண்ணையாரை எதிர்த்து நின்று வெற்றியை ஈட்டித் தந்தவர்கள் யாரோ, அவர்களே அந்த ஆறில் ஐந்து பேர். இங்கிலாந்தில் நாற்பது ஷில்லிங் வாக்குரிமை தொடர்ந்தது. அயர்லாந்தில் மட்டுமே பறிக்கப்பட்டது. ஆகவே இது பொதுக் கொள்கையன்று, துணிந்தவர்களுக்கான தண்டனை.

ஓ'கானலுக்கு இது எதிர்பாராத அடியா? அவ்வாறு சொல்ல இயலாது. 1825இலேயே இத்தகைய பேரம் ஒன்று லண்டனில் பேசப்பட்டது. நாற்பது ஷில்லிங் வாக்காளரை நீக்குவதற்கு ஈடாகக் கத்தோலிக்கருக்கு நாடாளுமன்ற வாசலைத் திறப்பது என்ற அந்தத் திட்டத்திற்கு அப்போது அவர் இசைந்திருந்தார். ஏழைக் குத்தகையாளரின் வாக்கு எப்படியும் பண்ணையாரின் வாக்குத்தானே என்பது அன்றைய அவருடைய எண்ணம். பிரபுக்கள் அவை அந்த மசோதாவைத் தள்ளியதால் பேரம் கலைந்தது. 1826இல் அந்த ஏழைகள் அவருடைய எண்ணத்தைப் பொய்யாக்கினர். தவற்றை ஒப்புக்கொண்ட ஓ'கானல், இனி ஒருபோதும் அவர்களுடைய வாக்குரிமையை விட்டுக்கொடுப்பதில்லை என்று வெளிப்படையாக உறுதியளித்தார். 1829இல் அவர் எதிர்ப்புத் தெரிவித்தார், ஆனால் கிளேருக்குத் திரண்ட மக்களை அதற்காகத் திரட்டவில்லை. விடுதலைச் சட்டத்தையே இழந்துவிடுவோமோ என்ற அச்சம் அவரைத் தடுத்தது. பின்னாளில் அந்த வாக்குரிமையை மீட்கக் குரல் கொடுத்தார். 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் அதனை மீட்டுத் தரவில்லை.

கிடைத்தது பெரிது என்பதை நாம் மறுக்கவில்லை. கத்தோலிக்கர் என்ற பெயருக்கு இருந்த சட்டபூர்வமான இழிவு நீங்கியது. வழக்கறிஞர், வணிகர், சிறு நிலவுடைமையாளர் ஆகியோர் அவைக்கும் நீதிமன்றத்திற்கும் சென்றனர். ஆனால் அவர்கள் ஏறிய படிக்கட்டாக இருந்தவர்கள் வாசலுக்கு வெளியே விடப்பட்டனர். இன்னொன்றும் நேர்ந்தது. வாக்கு இருந்தவரை சிறு குத்தகையாளரை நிலத்தில் வைத்திருப்பதில் பண்ணையாருக்கு ஓர் ஆதாயம் இருந்தது. வாக்குப் போனபின் அந்த ஆதாயமும் போயிற்று.

அவையிலும் ஐரோப்பாவிலும்

புதிய சட்டம் முன்தேதியிட்டுச் செல்லாது என்று கூறி, 1829 மே மாதத்தில் ஓ'கானலிடம் பழைய உறுதிமொழியே நீட்டப்பட்டது. அவர் மறுத்து வெளியேறினார். மீண்டும் கிளேரில் போட்டியின்றி வென்று, 1830 பிப்ரவரியில் அவையில் அமர்ந்தார். 1832 தேர்தலில் பிரிட்டனுடனான இணைப்பை நீக்கக் கோரிய 39 உறுப்பினர்கள் அவருடன் அவைக்கு வந்தனர். 1834இல் அக்கோரிக்கையை முன்வைத்தபோது 38 வாக்குகளே கிடைத்தன. எதிராக 523. அதன்பின் விக் கட்சியுடன் உடன்பாடு கண்டு, ஆங்கிலிகன் திருச்சபைக்குக் கத்தோலிக்க உழவர் கட்டி வந்த தசமபாக வரி, நகராட்சி நிர்வாகம் ஆகியவற்றில் சில சீர்திருத்தங்களைப் பெற்றார். 1841இல் டப்ளின் நகரின் மேயரானார். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு அந்த இருக்கையில் அமர்ந்த முதல் கத்தோலிக்கர் அவரே.

அவருடைய புகழ் ஐரோப்பா முழுதும் பரவியது. திருச்சபை என்றால் மன்னராட்சியின் துணை என்றிருந்த ஒரு கண்டத்தில், மதநம்பிக்கையும் மக்கள் உரிமையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அவர் காட்டினார். மதத்தையும் அரசையும் பிரிக்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. பிரான்சின் மொந்தலம்பேர், லாக்கோர்டேர் போன்ற தாராளவாதக் கத்தோலிக்கர் அவரை வழிகாட்டியாகக் கொண்டனர். புதிதாகப் பிறந்த பெல்ஜியம் 1831இல் தனக்கு மன்னரைத் தேடியபோது, அதன் தேசியப் பேரவையில் அவர் பெயருக்கும் மூன்று வாக்குகள் விழுந்தன. கத்தோலிக்கருக்குக் கேட்ட உரிமையை யூதருக்கும் கேட்டார். தம் சமூகத்தின் விடுதலையைப் பிறர் விடுதலையிலிருந்து பிரித்துப் பார்க்காத இந்தப் பண்பே அவரிடம் நாம் முதன்மையாகக் கற்க வேண்டியது.

அடிமைமுறை ஒழிப்பில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 1833இல் பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழித்த சட்டத்திற்காகப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். அந்தச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளையும் இலங்கையையும் விலக்கி வைத்தது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். சென்னை மாகாணத்தின் வயல்களில் தலைமுறை தலைமுறையாக அடிமைப்பட்டிருந்த பறையர், பள்ளர், மலபாரின் செறுமர் ஆகியோரை அது தொடவில்லை. 1839இல் லண்டனில் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் இந்தியா சங்கத்தின் மேடையில் ஓ'கானலும் பேசினார். 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டத்தின் வழியாகவே கம்பெனி ஆட்சிப் பகுதிகளில் அடிமைமுறைக்குச் சட்டத்தின் ஆதரவு விலக்கப்பட்டது.

1840இல் லண்டனில் கூடிய உலக அடிமை ஒழிப்பு மாநாட்டில், பெண் பிரதிநிதிகள் அவையில் அமர அனுமதிக்கப்படவில்லை. அவர்களை விலக்கியது தவறு என்று லுக்ரீஷியா மாட்டுக்கு ஓ'கானல் எழுதினார். அமெரிக்காவில் குடியேறிய அயர்லாந்து மக்கள் அங்குள்ள கறுப்பின மக்களை வெறுப்பதையும், அடிமை உடைமையாளர் பக்கம் நிற்பதையும் அவர் கடுமையாகக் கண்டித்தார். அவருடைய இயக்கத்திற்கு அமெரிக்காவிலிருந்து நிதி வந்துகொண்டிருந்த காலம் அது. அந்தக் கண்டனத்தால் தென் மாநிலங்களில் இருந்த அவருடைய ஆதரவுச் சங்கங்கள் சில கலைந்தன. அவர் பின்வாங்கவில்லை. 1845இல் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஃபிரெடெரிக் டக்ளஸ் டப்ளினில் அவர் பேச்சைக் கேட்டார், அவருடைய மேடையிலேயே பேசவும் செய்தார். எழுபது வயதுத் தலைவரிடம் தாம் கண்டதை அந்த இளைஞர் வாழ்நாள் முழுதும் நினைவுகூர்ந்தார்.

மக்கள் திரளும் அதன் எல்லையும்

1840இல் இணைப்பு நீக்கச் சங்கத்தைத் தொடங்கிய ஓ'கானல், 1843ஐ வெற்றியின் ஆண்டு என்று அறிவித்தார். ஊர் ஊராக மாபெரும் கூட்டங்கள் நடந்தன. பழைய அரசர்களின் இருப்பிடமான தாரா குன்றில் ஆகஸ்ட் 15 அன்று கூடியவர்கள் பல லட்சம் பேர் என்று மதிப்பிடப்பட்டது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், நெடுந்தூரம் நடந்து வந்து, கலவரமின்றித் திரும்பினர் அம்மக்கள். அக்டோபர் 8 அன்று கிளான்டார்ஃபில் நடக்கவிருந்த கூட்டத்தை அரசு முந்தைய நாள் தடை செய்தது. படை குவிக்கப்பட்டது. இரத்தம் சிந்தப்படும் என்று அஞ்சிய ஓ'கானல் கூட்டத்தைக் கைவிட்டார். உயிர்கள் காக்கப்பட்டன. இயக்கத்தின் வேகமோ அன்றே தளர்ந்தது. அரசு சும்மா இருக்கவில்லை. சதி வழக்கில் அவருக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மூன்று மாதங்களுக்குப்பின் பிரபுக்கள் அவை அத்தீர்ப்பை நீக்கியது. வன்முறையை எந்நிலையிலும் ஏற்பதில்லை என்ற அவருடைய விதியை ஏற்காத இளம் அயர்லாந்து அணியினர் 1846இல் பிரிந்து சென்றனர்.

அவரைப் புனிதராக்க நாம் முனையவில்லை. டப்ளின் தொழிற்சங்கங்களுடன் 1830களின் இறுதியில் அவர் பகைத்துக்கொண்டார். கூலி உயர்வுக்கான கூட்டுப் பேரத்தை அவர் வணிகச் சுதந்திரத்திற்குக் கேடாகக் கருதினார். 1916 எழுச்சியில் சுட்டுக் கொல்லப்பட்ட சோசலிசத் தலைவர் ஜேம்ஸ் கானலி, 1910இல் வெளியிட்ட தம் வரலாற்று நூலில், ஓ'கானலை உழைப்பாளர்களின் எதிரியாகவே சித்திரித்தார். 1845இல் லண்டன் டைம்ஸ் நாளேட்டின் செய்தியாளர், ஓ'கானலின் சொந்த நிலத்தில் வாழ்ந்த குத்தகையாளரின் அவல நிலையை எழுதினார். அந்த நாளேடு அவருக்குப் பகையானது என்பது உண்மை. ஆனால் அவர் நிலவுடைமையாளர் என்பதும் உண்மையே. மேலும், ஐரிஷ் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டிருந்தும், அது அழிவதைப் பற்றி அவர் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஆங்கிலமே முன்னேற்றத்தின் மொழி என்று எண்ணினார்.

1845 இலையுதிர் காலத்தில் உருளைக்கிழங்குப் பயிரைக் கருகல் நோய் தாக்கியது. ஒற்றைப் பயிரை நம்பியிருந்த ஏழைகளின் அடுப்பு அணைந்தது. நாட்டிலிருந்து தானியமும் கால்நடையும் ஏற்றுமதியாகிக்கொண்டே இருந்தன. பஞ்சமும் நோயும் சேர்ந்து ஏறத்தாழ பத்து லட்சம் பேரைக் கொன்றன. அதைவிட அதிகமானோர் கடல் கடந்தனர். 1847 பிப்ரவரி 8 அன்று, நோயுற்ற நிலையில் ஓ'கானல் கடைசி முறையாக நாடாளுமன்றத்தில் எழுந்தார். லட்சக்கணக்கானோரை எட்டிய அந்தக் குரல் அருகில் இருந்தவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. தம் மக்களைக் காப்பாற்றும்படி அவர் வேண்டினார். பிறகு ரோமுக்குப் புனிதப் பயணம் புறப்பட்டவர், மே 15 அன்று வழியில் ஜெனோவாவில் உயிர் நீத்தார். இதயம் ரோமுக்குச் சென்றது. உடல், அவரே திறக்க வழிசெய்த கிளாஸ்னெவின் இடுகாட்டிற்குத் திரும்பியது.

நன்றியின் எல்லை

பஞ்சத்தில் மடிந்தவர்கள் யார் என்று கேட்டால், நாம் மீண்டும் 1829ஆம் ஆண்டுக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. துண்டு நிலத்துக் குத்தகையாளர்களும், அவர்களுக்கும் கீழே நிலமற்ற கூலிகளும். அவர்களுடைய பெயரைச் சொல்லி அவையில் பேசக் கத்தோலிக்க உறுப்பினர்கள் இருந்தனர். அந்த உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கவோ தண்டிக்கவோ அவர்களிடம் வாக்கு இல்லை. பிரதிநிதி இருப்பதும், பிரதிநிதியைக் கேள்வி கேட்கும் ஆற்றல் இருப்பதும் வெவ்வேறு என்பதை அயர்லாந்து அத்தனை உயிர்களின் விலையில் கற்றது. நில உரிமைக்கான போராட்டம் அடுத்த தலைமுறையில்தான் பெருந்திரளாக எழுந்தது.

ஓ'கானல் மக்களை ஏமாற்றினார் என்று நாம் கூறவில்லை. மண்டியிட்டுப் பழகிய ஒரு மக்கள் திரளை அவர் நிமிர்ந்து நிற்க வைத்தார். மாதம் ஒரு பென்னியால் ஒரு பேரரசைப் பணிய வைக்கலாம் என்று காட்டினார். ஆயினும் வெற்றியின் வாசலில் நின்றபோது, உள்ளே நுழைவோரையும் வெளியே விடப்படுவோரையும் பற்றிய முடிவு லண்டனில் எடுக்கப்பட்டது. எனிஸ் மேடையில் வீட்டையும் நிலத்தையும் பணயம் வைத்தவர்களிடம் எவரும் ஒரு சொல் கேட்கவில்லை. நன்றியினால் அவர்களும் தம் தலைவரிடம் கேட்கவில்லை.

அம்பேத்கர் ஓ'கானலிடமிருந்து எடுத்துக்கொண்ட கருத்து இங்கேதான் முழுப் பொருள் பெறுகிறது. தலைவர்களுக்கு நாம் நன்றி பாராட்டலாம், பாராட்டவும் வேண்டும். அந்த நன்றி நம் வாயைக் கட்டும் இடத்தில் அது நின்றுவிட வேண்டும். ஒரு சட்டம் நிறைவேறும் நாளில், ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில், மேடையில் மாலை விழும் நாளில், நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. அதே நாளில் நிறைவேறும் இரண்டாவது சட்டம் எது? அதில் யாருடைய பெயர் நீக்கப்படுகிறது? இக்கேள்வியைக் கூட்டத்தின் கடைசி வரிசையிலிருந்து உரக்கக் கேட்கும் துணிவே இயக்கத்தின் உயிர். கிளேர் உழவர்களிடம் பண்ணையாரை எதிர்க்கும் துணிவு இருந்தது. தம்மவரைக் கேட்கும் துணிவையும் சேர்த்து வளர்த்துக்கொள்வது நம் கடமை.